புள்ளி வைத்த எழுத்தும் புள்ளி வைத்த சுறாவும்

1

ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளுக்கு, உங்களோடு படிக்கும் ஹரிணியின் அப்பா ஏழுமலை எழுதுவது.

உங்கள் வகுப்புச் சுவரில் ஒரு பலகை இருக்கிறதாம். அதில் ஹரிணியின் கட்டுரையை ஒட்டியிருக்கிறார்களாம். தலைப்பு, 'கடலில் இறங்கும் என் அப்பா'. அதைப் படித்த உங்கள் தமிழ் டீச்சர், பள்ளி மலருக்கு நானே கைப்பட ஒன்று எழுதித் தரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் பத்தாவது வரைதான் படித்தவன். தமிழில் மட்டும் சுமாரான மார்க் வாங்குவேன். அந்தத் தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. அது ஹரிணி செய்த பிழை இல்லை. நான் செய்தது. தெரியாமல் செய்தேன், தெரிந்த பிறகு அப்படியே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

ஆனால் நீங்கள் சுறாவுக்குத்தான் காத்திருப்பீர்கள். அதனால் முதலில் சுறா.

2

நான் இருப்பது கத்தாரில். வந்து இந்த ஆடி மாசத்தோடு ஏழு வருஷம் முடிந்தது. கடலுக்குள் ரொம்ப தூரம் போனால் தண்ணீர் நடுவில் இரும்புத் தூண் வைத்து எண்ணெய் எடுக்கும் மேடைகள் நிற்கும். கோடைக்காலத்தில் அந்தத் தூண்களைச் சுற்றி சூரை மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து முட்டை விடும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் கடல் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். கையில் அள்ளினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப்பொடியாக முட்டை. ஜவ்வரிசியை இடித்து, இடித்ததைத் திரும்ப இடித்தால் எப்படி இருக்கும், அந்த அளவு.

அதைச் சாப்பிடத்தான் அது வரும். புத்தகத்தில் திமிங்கிலச் சுறா என்று போட்டிருப்பார்கள். திமிங்கிலம் இல்லை, மீன்தான். நான் புள்ளிச் சுறா என்றே எழுதுகிறேன். நீளம் ஒரு மினி பஸ் இருக்கும். முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி. மார்கழி மாசம் உங்கள் அம்மா வாசலில் புள்ளி வைத்துவிட்டு, கோலம் போடுவதற்குள் பால்காரர் வந்துவிட்டால் அப்படியே விட்டுப் போவார் இல்லையா, அந்த மாதிரி. வாயைத் திறந்தால் எங்கள் ஊட்டு பீரோவைப் படுக்கப் போட்டு நுழைக்கலாம். ஆனால் கடிக்காது. வாயைத் திறந்தபடி மெதுவாக வந்து, முட்டைத் தண்ணீரை உறிஞ்சி, தண்ணீரைச் செவுள் வழியே விட்டுவிட்டு, முட்டையை மட்டும் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் மனுஷன் இருந்தாலும் கண்டுகொள்ளாது.

ஒவ்வொன்றுக்கும் புள்ளி வேறுவேறாம். அதைப் படம் பிடித்து வைத்து, போன வருஷம் வந்தது இது, புதிதாக வந்தது இது என்று அடையாளம் சொல்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். எனக்குப் புள்ளி தெரியாது. நான் மேலே நிற்பவன், எனக்குத் தெரிவது முதுகுத் துடுப்பு மட்டும். ஒன்றுக்குத் துடுப்பில் அரை வட்டமாகக் கிழிசல். மூன்று வருஷமாக அது தவறாமல் வருகிறது. விசா இல்லை, ஒப்பந்தம் இல்லை, லீவு லெட்டர் இல்லை. வருகிறது, வயிறு நிறையச் சாப்பிடுகிறது, வேண்டும்போது கிளம்பிப் போகிறது. ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் எங்கள் ஊர் பாரிவாக்கத்தில் பிறந்தவர்களிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

3

என் வேலை என்னவென்று இப்போது சொல்கிறேன். கவனமாகப் படியுங்கள்.

நான் கம்ப்ரசர் மெக்கானிக். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். என் வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. அங்கேதான், பெல்ட்டில் மாட்டிப் போனது. அன்றைக்கு என் ஷிப்டில் பக்கத்து மிஷினில் நின்ற சதீஷ் தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றி, ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தது அவன் அக்கா. அந்த அக்காதான் ஹரிணியின் அம்மா. அதனால் அந்த விரலைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இங்கே, சுறாவைப் படம் பிடிக்கும் டைவர்களை ஏற்றிப் போகும் படகில், தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கான காற்றை உருளையில் அடைப்பது என் வேலை. உருளையை நாங்கள் பாட்டில் என்போம். காற்றில் எண்ணெய் வாசனை துளி வந்தாலும் கீழே போனவருக்கு ஆபத்து. அடைத்த பாட்டிலை டைவர் முதுகில் மாட்டி, வாரை இழுத்து, வால்வைத் திறந்து, நாலு மூச்சு இழுக்கச் சொல்லிப் பார்த்து, தோளைத் தட்டுவேன். தட்டினால்தான் குதிப்பார்கள். நாலு பேரை இறக்கினால் நாலு தலை மேலே வரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது.

இந்தப் படகுக்கு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. டைவர்களில் ஜோயல் என்று ஒருவன், பிலிப்பைன்ஸ்காரன், நல்ல மாதிரி. அவன் குதித்ததும் 'சூப்பர்' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் உடனே நீந்தி வந்து ஏணியில் ஏறிவிட்டான். நான் திரும்பவும் கட்டைவிரலைக் காட்டினேன். அவன் முறைத்தான். டைவர்கள் பாஷையில் கட்டைவிரல் என்றால் 'மேலே வா' என்று அர்த்தமாம். 'நல்லாயிருக்கேன்' என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டுமாம். எனக்கு வட்டம் போட விரல் பத்தாது. அதனால் தலையில் கை வைத்துக் காட்டுவேன். அதுவும் அவர்கள் கணக்கில் சரிதானாம்.

படகை ஓட்டுபவர் அந்தோணி அண்ணன், தூத்துக்குடிக்காரர். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. "ஏல, நல்லாயிருக்குன்னு சொல்லிச் சொல்லியே அவனக் கரையேத்திட்டியே!"

எனக்கு நீச்சல் தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

4

மே மாசம் ஹரிணிக்கும் அவள் தம்பிக்கும் லீவு. சதீஷுக்கு இப்போது வானகரத்தில் பைக் சர்வீஸ் கடை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரையும் பைக்கில் உட்கார வைத்து, வேலப்பன்சாவடியில் இருக்கும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். நான் போன் பண்ணினால் அந்தக் கதைதான்.

"அப்பா, மாமா என் கையை வுட்டுட்டாரு, நானே போய்க்கினே இருந்தேன்!"

"அப்பா, மாமா தண்ணிக்குள்ள உக்காந்துகினு இட்லி துன்ற மாதிரி நடிச்சாரு!"

"அப்பா, மாமா..."

ஒருநாள் வீடியோ வந்தது. என் பெண் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துகிறாள். பின்னால் சதீஷின் குரல். "அப்டித்தான் கண்ணு! வா கண்ணு! வா வா வா!"

அந்த வீடியோவை அன்றைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நீச்சலைப் பார்ப்பதற்காக இல்லை. 'கண்ணு' என்று அவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று கேட்பதற்காக. அது என் வார்த்தை. அவள் பிறந்த அன்றைக்கு நான் கூப்பிட்ட வார்த்தை. ஏழு வருஷமாக அதைப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் பத்தடி தூரத்தில் நின்று சொல்கிறான், அவளும் அவனை நோக்கி நீந்துகிறாள்.

ஹரிணியின் அம்மாவிடம் சொன்னேன். "உன் தம்பிக்குக் கடையில வேலை இல்லியா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னாத்துக்கு அவன்மேல காண்டாவுற? நீ இல்லாத எடத்துல அவன் கீறான். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அதுதானே எனக்கும் வலித்தது.

5

அதே வாரம்தான் அந்தப் பிழை. காலையில் நாலு பேரைச் சுறாக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இறக்கியிருந்தோம். எப்போதையும்விட நிறைய சுறா. கரைக்குத் திரும்பியதும் ஹரிணிக்குச் செய்தி தட்டினேன். 'இன்னிக்கு சுறா பக்கத்துலயே இறக்கினேன்' என்று எழுத வந்தேன். 'இற' என்று தட்டும்போதே போன் தானாக ஒரு வார்த்தையைக் காட்டியது. அதைத் தொட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பின பிறகுதான் பார்த்தேன். 'இன்னிக்கு சுறா பக்கத்துலயே இறங்கினேன்.'

'க்' வர வேண்டிய இடத்தில் 'ங்'. தலையில் புள்ளி வைத்த ஒரே ஒரு எழுத்து. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'அப்பா!!! நீ கடல்ல இறங்கினியா??? மாமாகிட்ட காட்டினேன். மாமா ஷாக்.'

பிள்ளைகளே, அந்தக் கடைசி இரண்டு வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் நான் திருத்தியிருப்பேன். சத்தியமாகத் திருத்தியிருப்பேன். 'மாமா ஷாக்' என்று பார்த்ததும் மனசுக்குள் இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். ஹரிணி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். உள்ளே எப்படி இருக்கும், சத்தம் கேட்குமா, குளிருமா? நான் ஜோயலிடம் கேட்டுவந்து சொன்னேன்.

"அது உன்னைப் பாத்துச்சாப்பா?"

"பாத்துச்சு கண்ணு. அவ்ளோ பெரிய உடம்புக்கு கோலி சைஸ்லதான் கண்ணு. நான் போற பக்கமெல்லாம் அந்தக் கண்ணு திரும்புச்சு."

அது பார்த்தது ஜோயலை. கிழிந்த துடுப்பு மூன்று வருஷமாக என் படகைச் சுற்றுகிறது, ஒரு தடவைகூட என்னைப் பார்த்ததில்லை. ஜோயலை மட்டும் பார்த்திருக்கிறது. அவன்மேலும் எரிச்சல் வந்தது. அவன் எடுத்த வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் முகமூடி போட்ட ஒரு ஆள் சுறாவின் பக்கத்தில் மிதந்தபடி விரலால் வட்டம் காட்டுவான். ஜோயல்தான். ஒன்றும் எழுதாமல் அதை ஹரிணிக்கு அனுப்பினேன். எழுதாமல் அனுப்பினால் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு தடவையும் கடைசியில் கேட்பேன். "மாமா இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. சிரிச்சாரு."

பள்ளிக்கூடம் திறந்தது. கட்டுரை பலகையில் ஏறியது.

6

இனி ஒரே வழி, பொய்யை உண்மையாக்குவது என்று நினைத்தேன். ஒரு தடவை இறங்கிவிட்டால் போதும். அப்புறம் அந்த 'ங்' சரியாகிவிடும்.

ஆபீஸில் போய்க் கேட்டேன். மேடைப் பக்கம் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டம். படகின் மேலே இருப்பவர், தண்ணீருக்குக் கீழே போகிறவர். என் பெயர் எப்போதும் மேல் கட்டத்தில். கீழ்க் கட்டத்துக்கு மாற டாக்டர் முத்திரை வேண்டும், நீச்சல் பரீட்சைத் தாள் வேண்டும், அடையாள அட்டையில் இருக்கும் தொழில் பொருந்த வேண்டும். என் அட்டையில் தொழில் என்ற இடத்தில் குழாய் மேஸ்திரி என்று இருக்கிறது. முதலில் வந்தபோது கிடைத்த விசா அது. அதை மாற்ற மூன்று தடவை மனு கொடுத்து, மூன்று தடவையும் போட்டோ அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. ஆபீஸில் இருந்த மலையாளி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடலுக்கு அடியில் எந்தக் குழாய் சேட்டா ஒழுகுது?"

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் விடவில்லை. ஏணியில் நின்று தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாலும் அது இறங்கியதுதானே?

போன மாசம் ஒருநாள் காலை. நாலு பேரையும் இறக்கிவிட்டேன். அந்தோணி அண்ணன் சுக்கானில் இருந்தார். காற்றே இல்லை. கிழிந்த துடுப்பு எங்கள் படகை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, பின்பக்க ஏணியில் ஒரு படி இறங்கினேன். இரண்டு. மூன்று. முழங்காலுக்குத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது, ஜோயல் சொன்ன மாதிரியே. சுறா நேராகக் கீழே வந்தது. அந்தப் புள்ளிகளை முதல்முதலாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். தலையைத் தாழ்த்தினேன். இன்னும் ஒரு சாண்தான்.

"ஏல ஏழுமலை! எத்தன தல?"

நிமிர்ந்தேன். தண்ணீருக்கு மேலே வந்திருந்தது மூன்று தலை.

திரும்ப எண்ணினேன். மூன்று. ஜோயல் இல்லை.

முதலிலிருந்து மூன்றுதானா, நாலாக இருந்து ஒன்று திரும்ப முங்கியதா, எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவசரமாக ஏணியில் ஏறினேன். காலையில் அவன் பாட்டிலை நான் முகர்ந்து பார்த்தேனா? பார்த்தேன். வால்வு? திறந்தேன். தோளைத் தட்டினேனா? எல்லாம் செய்திருக்கிறேன். செய்தும் மூன்று தலைதான் இருக்கிறது. அவனுக்கு என் தம்பி வயசு. ஊரில் கைக்குழந்தை. 'அது அவனைப் பார்த்தது' என்று அவன்மேல் எரிச்சல்பட்டது ஞாபகம் வந்தது. நான் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டேன்.

படகின் மறுபக்கத்திலிருந்து யாரோ தட்டும் சத்தம். ஜோயல். சுறா பின்னாலேயே போய் அந்தப் பக்கம் ஏறிவந்து, கையால் படகைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். விரலால் வட்டம் காட்டினான். நான் தலையில் கை வைத்தேன். அவன் அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டான்.

எல்லாரும் ஏறிய பிறகு அந்தோணி அண்ணன் சத்தம் போடவில்லை. என் நனைந்த பேன்ட்டைப் பார்த்தார்.

"அவனுவ யாரும் கீழ இருக்கும்போது மேல பாக்க மாட்டானுவ. ஏன்னு தெரியுமால? நீ நிக்கேன்னு. நீயும் எறங்கிட்டா யாருல எண்ணுவா?"

7

அன்றைக்கு மத்தியானமே ஹரிணிக்குப் போன் பண்ணினேன். ஊரில் அப்போது சாயங்காலம், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள்.

"கண்ணு, நான் கடல்ல இறங்கவே இல்ல. எனக்கு நீச்சலே தெரியாது. அந்த வீடியோவுல இருக்கறது நான் இல்ல."

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"தெரியும்ப்பா."

"தெரியுமா? எப்டி?"

"பலகையில ஒட்டறதுக்கு உன் படம் வரைஞ்சேன். வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து வரைஞ்சேனா, அந்த ஆளு விரல்ல வட்டம் காட்றான்ல? ஆள்காட்டி விரல் முழுசா இருந்துச்சு."

என் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அந்த நேரத்திலும் பெருமை வந்தது. "நீயே கண்டுபுடிச்சியா?"

"இல்லப்பா. மாமாதான். நான் வரையறப்போ பாத்துகினு இருந்தாரு. வீடியோ வந்த மொத நாளே அவருக்குத் தெரியுமாம். 'இந்தக் கைய எனக்குத் தெரியாதா'ன்னாரு. ஸ்கூல்ல சொல்லிடட்டுமான்னு கேட்டேன். 'வேணாம் கண்ணு, உங்கப்பாவே சொல்லுவாரு. நீயா அவராண்ட கேக்காத'ன்னாரு."

பிள்ளைகளே, இந்த இடத்தில் 'என் பொறாமை எல்லாம் போய்விட்டது' என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். போகவில்லை. அதிகமாகிவிட்டது. நீச்சல் சொல்லிக் கொடுத்தான், அது ஒன்று. என் மானத்தையும் இரண்டு மாசம் பையில் போட்டு வைத்திருந்தான், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்த நல்ல புத்தி எனக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

"அப்போ நெஜமா நீ இன்னா எழுத வந்த?" என்றாள் ஹரிணி.

"இறக்கினேன்னு எழுத வந்தேன்."

"ஐயோ அப்பா, அது பிறவினை! மிஸ் இந்த வாரம்தான் நடத்துனாங்க. இறங்கினேன்னா தன்வினை, நீயே பண்றது. இறக்கினேன்னா இன்னொருத்தர பண்ண வைக்கறது. யாரன்னு வேற சொல்லணும். யாரை இறக்கின?"

சொன்னேன். பாட்டில், வாசனை, வால்வு, நாலு மூச்சு, தோளில் தட்டுவது, தலை எண்ணுவது, மூன்று தலை.

"அப்போ நீ தட்டினாத்தான் அவங்க குதிப்பாங்களா?"

"ஆமா."

"அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்று கோபித்துக்கொண்டாள்.

பின்னால் பைக் சத்தம். சதீஷ் வந்துவிட்டான். போனை வாங்கினான். "இன்னா மாமா, சுறா சௌக்கியமா?"

"மச்சான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு மாமா. பொங்கலுக்கு லீவுல வர்றல்ல? வேலப்பன்சாவடியில உன்னையும் தண்ணில தள்ளி வுட்டுர்றேன்."

ஹரிணி போனைப் பிடுங்கியது கேட்டது. "நீ ஒண்ணும் தள்ள வேணாம் மாமா. நான் இறக்குறேன். அப்பா இறங்கட்டும்."

அதனால் உங்கள் டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பலகையில் இருக்கும் தலைப்பில் 'ங்' என்ற எழுத்தை அடித்துவிட்டு, மேலே 'க்' போட்டுவிடுங்கள். 'கடலில் இறக்கும் என் அப்பா.' அர்த்தம் கொஞ்சம் இடிக்கும், அவசரத்தில் படித்தால் சாகிறவன் மாதிரி தெரியும்; இது ஆளை இறக்கி விடுகிற 'இறக்கும்', யாரை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், ஹரிணி சொல்லுவாள். பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நானே நேரில் வருகிறேன். அன்றைக்கு என் தலைமுடி ஈரமாக இருந்தால் சாக்பீஸை என் கையில் கொடுங்கள். கடல் என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் குளம் என்று எழுதி, அந்த 'ங்'கை நானே திரும்பப் போடுகிறேன்.